கறுப்புக் கிட்டார் மீதான வழக்கு

2009 ஜனவரி 20. வாஷிங்டனில் ஒபாமா பதவியேற்ற பகல், உறைபனிக் குளிர். பதவிப் பிரமாணத்துக்குச் சற்று முன்னால் நால்வர் வாசித்தார்கள். வயலினில் இட்ஸாக் பெர்ல்மன், செல்லோவில் யோ-யோ மா, பியானோவில் கேப்ரியேலா மொன்டேரோ, கிளாரினெட்டில் ஆந்தனி மெகில். உலகம் பார்த்தது அவர்களை; கேட்டது இரண்டு நாள் முன்பே பதிவுசெய்து வைத்திருந்த ஒலியை. அந்தக் குளிரில் வாத்தியங்களின் சுருதி நிற்காது, தந்தி அறுந்தாலும் அறும் என்பதால் அந்த ஏற்பாடு. இதில் பலர் கவனிக்காமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. குளிருக்கும் மழைக்கும் அசைந்துகொடுக்காத கார்பன் ஃபைபர் செல்லோவைக் கொண்டுவரலாமா என்று யோ-யோ மா யோசித்திருக்கிறார். அதன் விநோதத் தோற்றம் பார்ப்பவர் கவனத்தை இழுத்துவிடும் என்று விட்டுவிட்டார். பியானோவும் கிளாரினெட்டும் பக்கத்தில் இருக்கையில் செல்லோவை மட்டும் மாற்றிப் பயனில்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அவர் சொன்ன காரணத்தைப் பாருங்கள். நாதம் போதாது என்று சொல்லவில்லை. பார்க்க ஒரு மாதிரி இருக்கும் என்றுதான் சொன்னார்.

கார்பன் கிட்டாரின் மீது முப்பது ஆண்டுகளாக நடக்கும் வழக்கும் இதுதான். வழக்கு காதின் பெயரில் தொடுக்கப்படுகிறது. சாட்சிக் கூண்டில் ஏறுவது கண்.

கிட்டார் வாசிப்பவர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். தீர்ப்பு தயாராக இருக்கும். "நல்லாத்தான் இருக்கு, ஆனா மரம் மாதிரி வராது. உயிர் இல்ல. ஊருக்குப் போகும்போது தூக்கிட்டுப் போகலாம், மழையில நனையலாம், அதுக்குச் சரி." இந்த 'அதுக்குச் சரி'யில்தான் எனக்குச் சண்டை. மர கிட்டார் வீட்டுக்கு மூத்த பிள்ளை, கார்பன் கிட்டார் எடுபிடிக்கு வைத்துக்கொண்ட பையன் என்ற ஏற்பாடு யாரும் கேள்வி கேட்காமல் நிலைத்துவிட்டது. மர அபிமானிகளைவிட கார்பன் அபிமானிகளே இந்த ஏற்பாட்டைக் காப்பாற்றி வருகிறார்கள் என்பது இன்னும் வேடிக்கை. அவர்கள் பங்குக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் 'உயிர்' என்பதை எடுத்துக்கொள்வோம். கிட்டாரில் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பலரும் முதுகுப் பலகையைத் தட்டிக்காட்டுவார்கள். பிரேசில் ரோஸ்வுட் என்றால் ஒரு பெருமூச்சு, இந்திய ரோஸ்வுட் என்றால் ஒரு தலையசைப்பு, மஹோகனி என்றால் 'வெதுவெதுப்பான நாதம்' என்று ஒரு சான்றிதழ். இன்று நாம் ஸ்பானிஷ் கிட்டார் என்று அறியும் வடிவத்தை நிலைநிறுத்திய அந்தோனியோ தெ தோரெஸே இந்த நம்பிக்கையோடு விளையாடியிருக்கிறார். 1862-ல் அவர் செய்த ஒரு கிட்டாருக்கு முதுகும் பக்கங்களும் மரமே இல்லை, காகித அட்டை. நாதம் மேல்பலகையிலிருந்துதான் பிறக்கிறது என்று காட்டுவதற்காகவே செய்தார். பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது. கிட்டார் குலத்தின் பிதாமகரே அட்டையில் முதுகு வைத்த பிறகும், ஒன்றரை நூற்றாண்டாக முதுகு மரத்தின் பெயரைச் சொல்லித்தான் விலை ஏறுகிறது.

2018-ல் இங்கிலாந்தின் லாங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை முறையாகவே சோதித்தார்கள். ரோஜர் பக்னல் என்ற தேர்ந்த கைவினைஞர் ஆறு கிட்டார்கள் செய்துகொடுத்தார். எல்லாம் ஒரே அளவு, ஒரே அமைப்பு. முதுகும் பக்கங்களும் மட்டும் வெவ்வேறு: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, சபேலி, மேப்பிள், வால்நட். 52 கிட்டார் கலைஞர்களை மங்கிய வெளிச்சத்தில் உட்காரவைத்து, வெல்டிங் வேலைக்குப் போடும் கண்ணாடியை மாட்டிவிட்டு வாசிக்கச் சொன்னார்கள். ஆறுக்கும் கிடைத்த மதிப்பெண்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. தங்கத்தின் விலைக்கு விற்கும் பிரேசில் ரோஸ்வுட் கண்ணாடிக்கு வெளியே ராணி, உள்ளே கூட்டத்தில் ஒருத்தி.

இந்த ஆய்வைக் கார்பன் ரசிகர்கள் கையில் வைத்துக்கொண்டு குதிப்பதையும் பார்த்திருக்கிறேன். அது தப்பு. ஆறு கிட்டாருக்கும் மேல்பலகை மரம்தான். அதனால் கார்பனும் மரமும் ஒன்று என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. அது சொல்வது வேறு. மரத்தின் பெயர் தெரிந்தால் நமக்கு ஒன்று கேட்கிறது, தெரியாவிட்டால் அது கேட்பதில்லை. 'உயிர் இல்லை' என்று சாட்சி சொல்லவந்த காது எவ்வளவு நம்பகமானது என்பதைத்தான் அது காட்டுகிறது. சாட்சியின் யோக்கியதையைக் குறுக்கு விசாரணை செய்ததோடு அந்த ஆய்வின் வேலை முடிந்தது.

எதிர்த்தரப்பில் கெட்டிக்காரர் இருந்தால் இந்த இடத்தில் மேல்பலகைக்குத் தாவுவார். தாவட்டும், அவருடைய பலமான இடம் அதுதான். ஸ்ப்ரூஸ் மரம் ஓர் அற்புதம். அதன் அடர்த்தி தண்ணீரில் பாதிகூட இல்லை. ஆனால் நார் ஓடும் திசையில் அபாரமான விறைப்பு. கார்பன் இழையும் எபாக்ஸி ரெசினும் சேர்ந்த தகடு அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் விறைப்பானது, ஒலி அதற்குள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். ஆனால் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். தந்தி தரும் அற்ப சக்தியை வாங்கிக் காற்றை அசைக்க வேண்டிய பலகைக்கு விறைப்பு மட்டும் போதாது, எடையும் குறைய வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரே எடையுள்ள பலகையில் ஸ்ப்ரூஸே ஜெயிக்கும், அதுவும் இரண்டு மடங்கு. கார்பன் 'எல்லாவற்றிலும் மேல்' என்று முழங்குபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

ஆனால் எந்தக் கிட்டாரும் வெறும் பலகையால் நிற்பதில்லை. எஃகுத் தந்தி பூட்டிய கிட்டாரின் மேல் எழுபது கிலோவை ஒட்டிய இழுவை இருக்கிறது. மெல்லிய ஸ்ப்ரூஸ் பலகை அதைத் தனியாகத் தாங்காது என்பதால் உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டைகள் ஒட்டுகிறார்கள். கிட்டார் செய்பவரின் கலை பாதி அந்தக் கட்டைகளைச் சீவுவதில்தான் இருக்கிறது. கார்பனில் அந்தக் கட்டைகளே தேவையில்லாமல் செய்யலாம். இழையை எந்தத் திசையில் எத்தனை அடுக்கு போடுவது என்பதிலேயே விறைப்பை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்துவிடலாம். ஹவாயின் மாவி தீவில் தொடங்கிய ரெயின்சாங் நிறுவனம் செய்தது அதைத்தான். அதன் நிறுவனர் ஜான் டெக்கர் இயற்பியலாளர், கிட்டார் வாசிப்பவர். மழையும் உப்புக்காற்றும் மர கிட்டாரைப் பதம்பார்க்கும் ஊரில் உட்கார்ந்து யோசித்தவர். உள்ளே கட்டைகளே இல்லாத அவர்களுடைய மேல்பலகை மரத்தைப் பார்த்துப் போட்ட நகல் இல்லை, தனி விடை. சில மாடல்களில் நாதம் கூர்மையாக இருக்கிறது என்று தோன்றியபோது கண்ணாடி இழையையும் கலந்து இதமாக்கிப் பார்த்தார்கள். மரத்தைத் தேடிப்போய்த் தேர்ந்தெடுக்கலாம். இப்படி அடுக்கு மாற்றி வளர்க்க முடியாது.

மேல்பலகையில் கார்பன் நுழைவதும் புதிதில்லை. ஆஸ்திரேலியாவின் கிரெக் ஸ்மால்மன், பால்சா கட்டைகளில் கார்பன் இழை ஒட்டி, வலைப்பின்னலாக அமைத்து, அதன் மேல் மெல்லிய சீடர் பலகையைப் போர்த்தினார். 1980களின் தொடக்கத்திலிருந்து ஜான் வில்லியம்ஸ் வாசித்தது அதைத்தான். (கிட்டார் ஜான் வில்லியம்ஸ். ஒபாமா விழாவில் அந்த நால்வரும் வாசித்த இசையை அமைத்த திரைப்பட ஜான் வில்லியம்ஸ் வேறு.) உலக அரங்குகளில் நிறைந்து ஒலித்த அந்தக் கிட்டாரை யாரும் கார்பன் கிட்டார் என்று சொல்வதில்லை. கார்பன் உள்ளே மறைந்திருக்கிறது, வெளியே மரம் தெரிகிறது. கண்ணுக்குப் படாதவரை கார்பனுக்கும் உயிர் இருக்கிறதாம்.

இதற்கும் முன்னால் ஹெலிகாப்டர் செய்த சார்லஸ் கேமன் இருக்கிறார். 1966-ல் அவர் தொடங்கிய ஒவேஷன் கிட்டாருக்கு முதுகு வட்டமான ஒரு செயற்கைக் கிண்ணம். 'பிளாஸ்டிக் சட்டி' என்று கேலி செய்தார்கள். ஆனால் பாடகர் கிளென் கேம்பல் தொலைக்காட்சியில் அதை மாட்டிக்கொண்டு நின்றபின் அமெரிக்கா முழுக்க மேடைகளில் அது பரவியது. எழுபதுகளில் அதே நிறுவனம் அடாமஸ் என்ற பெயரில் மேல்பலகையையே கார்பனில் செய்தது. ஹெலிகாப்டர் இறக்கை எங்கே நடுங்கக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் கணக்குப் போட்டவருக்கு, கிட்டார் எங்கே நடுங்க வேண்டும் என்ற கேள்வி அந்நியமாக இருந்திருக்காது.

பேஸ் கிட்டார் பக்கம் இந்தப் பஞ்சாயத்தே இல்லை. நெட் ஸ்டைன்பெர்கர், மரச்சாமான் வடிவமைப்பாளர், எண்பதுகளின் தொடக்கத்தில் தலையே இல்லாத, உடலும் கழுத்தும் கார்பன் கலந்த வார்ப்பான ஒரு பேஸைக் கொண்டுவந்தார். ஸ்டிங் வாசித்தார், கெடி லீ வாசித்தார். அதற்குச் சற்று முன்பே ஜெஃப் கூல்ட் மாடுலஸ் நிறுவனத்தில் கார்பன் கழுத்துகள் செய்துகொண்டிருந்தார். எந்தச் சுரத்திலும் சுருங்காத கார்வைக்காகவே பேஸ் வாசிப்பவர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். வயலின்காரர்களும் அப்படித்தான். வில்லுக்கு ஆகும் பெர்னாம்புகோ மரம் பிரேசிலில் அருகிப்போய் 2007-ல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கார்பன் வில்லை இன்று தொழில்முறைக் கலைஞர்களே கூச்சமின்றிப் பையில் வைத்திருக்கிறார்கள். ஆக, கார்பன் ஒலிக்காது என்பது இசையுலகின் ஒட்டுமொத்தத் தீர்ப்பில்லை. ஒலிப்பெட்டியுள்ள கிட்டாரைச் சுற்றி மட்டும் எழுப்பிய வேலி அது.

'மரம் வாசிக்க வாசிக்கத் திறந்துகொள்ளும், கார்பன் என்றும் அப்படியே கிடக்கும்' என்று இன்னொரு குற்றச்சாட்டு. பழைய கிட்டார் விற்பவருக்கு இதைவிட இனிய வாசகம் கிடையாது. சிட்னியில் ஒரு சோதனை நடந்தது. ஒரே கைவினைஞர், ஒரே மரத்திலிருந்து இரட்டைப் பிள்ளைகளாக இரண்டு வயலின்கள் செய்தார். ஒன்றை அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். மற்றதை ஒரு தொழில்முறைக் கலைஞர் விடாமல் வாசித்தார். மூன்று ஆண்டுகள் கழித்து இரண்டையும் ஒப்பிட்டபோது, வாசித்தவர்களாலும் கேட்டவர்களாலும் குறிப்பிடும்படியான வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று ஆண்டு போதாது, முப்பது வேண்டும் என்று சொல்லலாம். ஆனால் கடைக்காரர் ஆறே மாதத்தில் திறக்கும் என்றல்லவா சொல்கிறார்? வாசிக்க வாசிக்க மாறுவது பெரும்பாலும் வாசிப்பவரின் கை. அது எந்தக் கிட்டாரிலும் திறக்கும்.

மரம் நிச்சயமாக மாறும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்தத் திசையில் மாறும் என்பதை ஐப்பசியில் சென்னைக்கு வந்து பார்க்க வேண்டும். மர கிட்டாருக்கு 45-லிருந்து 55 சதவீதம் வரை ஈரப்பதம் உகந்தது என்பது செய்பவர்கள் சொல்லும் கணக்கு. மழைக்காலச் சென்னையில் 80 சாதாரணம். என் ரோஸ்வுட் கிட்டாரின் வயிறு அப்போது உப்பும், தந்தி ஃப்ரெட்டிலிருந்து எழும்பிக்கொள்ளும், விரல் வலிக்கும். ஏசி போட்டால் வயிறு வற்றும், தந்தி ஃப்ரெட்டில் உரசி இரையும். ஒருமுறை பிரிட்ஜ் ஒரு ஓரமாக வாய்பிளந்து நின்றது. ஒட்டித்தந்தவர் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அடுத்த மழைக்கு மறுபடி பிளந்தது. இதை 'மரம் மூச்சு விடுகிறது' என்று கவித்துவமாகச் சொல்வார்கள். எனக்கு அது ஆஸ்துமா.

இனி கார்பன் அபிமானிகள் பக்கம். வாத்தியத்துக்கு இத்தனை கெட்ட வக்கீல்கள் வாய்த்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. கார்பன் கிட்டாரைப் பற்றிப் பேசச் சொன்னால் உடனே அதன் மேல் ஏறி நிற்பார்கள். தண்ணீரில் முக்குவார்கள், காருக்குள் வெயிலில் போடுவார்கள், பனியில் புதைப்பார்கள். அத்தனையும் முடித்து, நேரமிருந்தால் இரண்டு கார்டு வாசிப்பார்கள். செருப்பு விற்பவர் காட்ட வேண்டிய சாகசங்களை வாத்தியம் விற்பவர் காட்டினால் கேட்பவர் என்ன முடிவுக்கு வருவார்? நாதத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை போலும், அதனால்தான் உறுதியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற முடிவுக்குத்தான். 'பயணத்துக்குச் சரி' என்ற தீர்ப்பை எழுதிக்கொடுத்ததே இவர்கள்தான்.

இவர்கள் சொல்லும் பெருமைகளில் சில உண்மையும் அல்ல. கார்பன் கிட்டார் சுருதி கலையவே கலையாது என்பது அவற்றில் ஒன்று. ஈரத்தால் கலையாது, சரி. வெப்பத்தால் கலையும். சூடேறினால் எஃகுத் தந்தி நீளும், இழுவை தளரும், சுருதி இறங்கும். மரம் தானும் கொஞ்சம் நீண்டு தந்திக்கு ஈடுகொடுக்கும். கார்பனோ நீள்வதே இல்லை என்னும் அளவுக்கு அசையாமல் இருக்கும். அதனால் ஏசி அறையிலிருந்து வெயில் மேடைக்குக் கொண்டுபோனால் காதுக்குத் தெரியும் அளவு சுருதி இறங்கத்தான் செய்யும். பொருளின் உறுதியே இங்கே சிறு குறையாகிறது. இதைச் சொல்லி விற்பவரை நான் நம்புவேன்.

காட்டைக் காப்பாற்றுகிறோம் என்பது இன்னொரு பெருமை. ரோஸ்வுட்டின் கதை சோகமானதுதான். பிரேசில் ரோஸ்வுட் 1992-ல் சர்வதேச வணிகத்துக்கே மூடப்பட்டது. அதற்கு முன்பே, 1969-ல், மார்ட்டின் நிறுவனம் தன் டி-28 கிட்டாருக்கு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியிருந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி, தோதகத்தி என்று ஊருக்கொரு பெயரில் அறியப்படும் அதே மரம். அது குறைந்துவருவதைப் பார்த்துத் தமிழ்நாடு 1994-ல் அந்த ஒரு மரத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. 2017-ல் ரோஸ்வுட்டின் பேரினம் முழுவதுமே சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் வந்து, கிட்டாரோடு எல்லை தாண்டுபவர்கள் தாளும் கையுமாக அலைந்தார்கள். 2019-ல் வாத்தியங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் காடுகளைத் தின்றது கிட்டாரா? சீனத்தின் ரோஸ்வுட் கட்டில், நாற்காலி மோகம்தான் பெருமளவு தின்றது. கிட்டாருக்குப் போனது அதில் ஒரு சிராய். கார்பன் இழையோ பெட்ரோலியத்தில் பிறந்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் வெந்து வருவது. ரெசின் இறுகிவிட்டால் மறுபடி உருக்கவும் முடியாது. பசுமைக் கொடி பிடிக்க விரும்புபவர்கள் சான்பிரான்சிஸ்கோவின் பிளாக்பேர்ட் நிறுவனம் போல ஆளிவிதைச் செடியின் நாரில் கிட்டார் செய்யலாம். அது நேர்மையான முயற்சி. கார்பன்காரர்கள் இந்தக் கொடியைக் கீழே போடுவது நல்லது.

'அவ்வளவு நல்லதென்றால் முப்பது வருஷமாக ஏன் சந்தை சிறுத்தே இருக்கிறது?' இது கடைசிக் கேள்வி, கேட்பவர் இதைக் கேட்டதும் வழக்கு முடிந்தது என்று எழுந்துவிடுவார். சந்தை காதால் தீர்மானிக்கிறது என்று நம்பினால்தான் இந்தக் கேள்விக்குப் பலம். லூசியானாவின் லாஃபாயெட்டில் கம்போசிட் அகவுஸ்டிக்ஸ் நிறுவனம் நல்ல பெயரோடு நடந்து, 2010-ல் மூடிற்று. அதே ஆண்டு பீவி நிறுவனம் வாங்கிக்கொண்டது. அந்தக் கிட்டார்களை இன்றும் தேடி வாங்குகிறார்கள். நாதம் கெட்டு மூடிய கடை இல்லை அது. கார்பனில் ஒரு வடிவத்துக்கு ஓர் அச்சு வேண்டும், அச்சு விலை அதிகம். துணி துணியாக வெட்டி அடுக்குவதும், இறுக்குவதும், தேய்ப்பதும் பெரும்பாலும் கை வேலை. மர கிட்டாருக்கோ நூறாண்டாக நிற்கும் ஆலைகள், மர வியாபாரிகள், பழுதுபார்ப்பவர்கள், எழுத்தாளர்கள் என்று ஒரு ஊரே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய கிட்டார் சந்தை. இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய மார்ட்டின் ஒன்று பல பத்தாயிரம் டாலருக்குப் போகிறது. அதை முதலீடாக வாங்கிப் பெட்டியில் பூட்டியவர் 'பழைய மரத்துக்கு ஈடில்லை' என்பதை இசைக் கருத்தாகச் சொல்லவில்லை, சொத்து மதிப்பாகச் சொல்கிறார்.

பழுதுபார்ப்பு விஷயத்தில் எதிர்த்தரப்பு சொல்வது நியாயம். மர கிட்டாரின் கழுத்துக் கோணம் ஆண்டுகள் கழித்துச் சாய்ந்தால் கழற்றித் திருத்திப் பூட்டலாம். ஒரே வார்ப்பாக வந்த கார்பன் கிட்டாரில் அது நடக்காது. கழுத்து சாயாது என்ற நம்பிக்கையில், அதன் வளைவைத் திருத்த உள்ளே வைக்கும் ட்ரஸ் ராட் என்ற கம்பியே வைக்காமல் விட்டவர்களும் உண்டு. தந்தியின் கனத்தை மாற்றிப் பார்க்க நினைத்தவருக்கு அப்போது வழியில்லை. விரிசல் விட்டால் நம்மூரில் எத்தனை பேர் கைவைப்பார்கள்? கிட்டார்காரரைவிடப் படகு செய்பவரிடம் கொண்டுபோவது மேல். ஆயிரக்கணக்கில் டாலர் கொடுப்பவர் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். ஆனால் பழுதுபார்க்கக் கடினம் என்பதிலிருந்து உயிர் இல்லை என்பதற்கு எப்படித் தாவினோம்?

இப்போது புதிய குழப்பம் ஒன்று. சீனத்திலிருந்து வரும் மலிவான கிட்டார்கள் சில, அச்சில் பிளாஸ்டிக்கைப் பாய்ச்சி, அதில் கார்பன் இழைத் துணுக்கைக் கலந்து, மேலே 'கார்பன்' என்று போட்டு வருகின்றன. சில நூறு டாலருக்குப் பரவாயில்லாத வாத்தியங்கள்தான். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு வாங்கித் தரலாம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீள இழைத் துணியைத் திசை பார்த்து அடுக்கிய பலகையும், துணுக்கு கலந்த பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல. தேக்கும் மரத்தூள் பலகையும் ஒன்றாகுமா? கடையில் இதை இரண்டு நிமிடம் தட்டிப் பார்த்துவிட்டு 'கார்பன் வாசிச்சுப் பார்த்தேன், சத்து இல்ல' என்று சொல்பவர்கள் கூடிவிட்டார்கள். அவர்கள் வாசித்தது கார்பனை அல்ல, கார்பன் என்ற சொல்லை.

எனக்கு உண்மையில் வருத்தம் தரும் போக்கு வேறொன்று. அயர்லாந்தின் டானிகாலில் அலிஸ்டர் ஹே நடத்தும் எமரால்ட் நிறுவனம் கார்பனில் என்ன வடிவமும் வரும் என்று காட்டிய இடம். கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாய்க்கு மூன்று கழுத்துக் கிட்டார் செய்து கொடுத்தவர்கள். கையும் மாரும் அழுந்தும் இடங்களைக் குழைத்துச் செதுக்கியது போன்ற அவர்களுடைய உடல் மரத்தில் வரவே வராது. அதே நிறுவனத்தின் கிட்டார்களில் இன்று ரசிகர்கள் கண்ணை எடுக்காமல் பார்ப்பது எதை? கார்பனின் மேல் ஒட்டிய மெல்லிய மரத் தோலை. அழகாகத்தான் இருக்கிறது, நானே ஒருமுறை வாய்பிளந்து நின்றேன். ஆனால் கறுப்பு நெசவைப் பார்த்ததும் 'உயிர் இல்லை' என்றவர், அதே பலகையின் மேல் காகிதக் கனத்துக்கு மரம் ஒட்டியதும் 'ஆ, இது வெதுவெதுப்பாக இருக்கிறது' என்கிறார். காதில் எதுவும் மாறவில்லை.

கார்பன் கிட்டார் மரத்தைப் போல ஒலிக்கிறது என்று நான் வாதாடவில்லை. பல கார்பன் கிட்டார்களில் மேல் தந்திகள் பளிச்சென்று இருக்கும். கார்வை நீளமாக, சமமாக ஓடும். மரத்தில் நாம் பழகிய அந்த நடுவாந்தரக் கம்மல் குறைவாக இருக்கும். எனக்கு அந்தக் கம்மல் பிடிக்கும். சில பாட்டுக்கு என் ரோஸ்வுட்டையே எடுப்பேன், மழை இல்லாத மாதமென்றால். விரல்களைத் தனித்தனியாகப் பிரித்து வாசிக்கும் உருப்படிக்கு நண்பரிடம் கடன் வாங்கிய கார்பன் கிட்டாரில் ஒவ்வொரு சுரமும் தனித்து நிற்பதைக் கேட்ட பிறகு மரத்தில் அது மசமசவென்று தோன்றுகிறது. இப்படி ஒரு நாதம், அப்படி ஒரு நாதம். ஒன்றை அளவுகோலாக்கி மற்றதை அதில் எவ்வளவு குறைகிறது என்று அளப்பது நாதசுரத்தை வைத்துப் புல்லாங்குழலை எடைபோடும் வேலை.

கடன் வாங்கிய அந்தக் கிட்டாரை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. ரோஸ்வுட்டும் வீட்டில்தான் இருக்கிறது, பிரிட்ஜை மூன்றாம் முறை ஒட்டியாயிற்று. வெல்டிங் கண்ணாடி எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், விலை அதிகமில்லை. உயிரைப் பற்றி உறுதியாகப் பேசும் யாரும் அதை ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு வாருங்கள். கிட்டார் இரண்டையும் நான் எடுத்து வைக்கிறேன்.